கேளுங்க, சொல்றேன்: ஸ்கிரீன் முன்னாடியே பொழுது விடியற டீச்சர்களுக்கு

இந்த மாசம் வந்த கடிதம், வாய்ஸ் நோட் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல டீச்சர்கள்தான். ஸ்கூல் எல்லாம் எப்பவோ திறந்தாச்சு, ஆனா டியூஷன், பாட்டு கிளாஸ், வெளிநாட்டு பசங்களுக்கு தமிழ், ஸ்போக்கன் இங்கிலீஷ் இதெல்லாம் ஆன்லைன்லயே தங்கிடுச்சு, அதுவும் நம்ம மும்பைல ஒரு பையன் செம்பூர்லேர்ந்து முலுண்டுக்கு டியூஷன் போய்ட்டு வர்ற நேரத்துல ஒரு சாப்டரே முடிச்சிடலாம்னு எல்லா அம்மாக்களுக்கும் தெரிஞ்சு போச்சு. வசதிதான், இல்லேங்கல. ஆனா அந்த பக்கம் உக்காந்திருக்கற டீச்சர் கண்ணு என்ன ஆகுதுன்னு யாரும் கேக்கல. அதனால மாமியார் பஞ்சாயத்து, சொசைட்டி பார்க்கிங் சண்டை எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவை இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: நான் மாட்டுங்கால பாட்டு சொல்லிக் குடுத்துண்டிருக்கேன், வயசு 54. இப்போ நேர்ல வர குழந்தைகளை விட ஜூம்ல வர குழந்தைகள்தான் ஜாஸ்தி, முக்கால்வாசி நியூஜெர்ஸி. அவாளுக்கு சாயந்திரம் 7 மணின்னா எனக்கு விடிகார்த்தால 4:30. ஆத்துல மத்தவா தூங்கறாளேன்னு லைட் கூட போடறதில்லை. கிளாஸ் முடிச்சு எழுந்தா கண்ல மண்ணு விழுந்தாப்ல உறுத்தறது, புருவத்துக்கு மேல வலி, கழுத்து பிடிச்சுக்கறது. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டுண்டிருக்கேன், பவர் செக் பண்ணியாச்சு, சரியாத்தான் இருக்குங்கறா. கிளாஸை விடவும் மனசில்லை. என்ன பண்ணட்டும்?
(வாசகி, மாட்டுங்கா)

பதில்: கிளாஸை விட வேண்டாம் டீச்சர், கிளாஸ்லேர்ந்து ஸ்கிரீனை கொஞ்சம் கழட்டி விடலாம். அதுக்கு வர்றதுக்கு முன்னாடி கண்ணாடி விஷயத்தை முடிச்சிடறேன், ஏன்னா உங்க கழுத்து வலிக்கு பாதி காரணம் அதுதான்னு தோணுது.

ப்ரோக்ரெஸிவ் லென்ஸ்ல மேல் பாகம் தூரத்துக்கு, கீழ் பாகம் படிக்கறதுக்கு. லேப்டாப் இருக்கறது ரெண்டுக்கும் நடுவுல, ஒரு கை நீட்டற தூரம், 50லேர்ந்து 70 சென்டிமீட்டர். அந்த தூரத்துக்கான இடம் லென்ஸ்ல நடுவுல ஒரு குறுகலான பட்டைதான், அதை பிடிக்கறதுக்காக நமக்கே தெரியாம தாடையை மேல தூக்கி தூக்கி பாக்கறோம். நாளைக்கு கிளாஸ் நடக்கும்போது வீட்ல யாரையாவது பக்கவாட்டுலேர்ந்து ஒரு போட்டோ எடுக்க சொல்லுங்க, தாடை எங்க நிக்குதுன்னு நீங்களே பாப்பீங்க. பவர் சரியாத்தான் இருக்கும், ஆனா அது இந்த வேலைக்கான கண்ணாடி இல்ல. கண்ணுலேர்ந்து ஸ்கிரீன் வரைக்கும் டேப் வெச்சு அளந்து எழுதிக்கோங்க, கண்ணாடி கடைக்காரர்கிட்ட இந்த தூரத்துக்கு மட்டும் தனியா ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடி வேணும்னு சொல்லுங்க. சிங்கிள் விஷன் லென்ஸ்தான், ப்ரோக்ரெஸிவ் அளவுக்கு விலை ஆகாது. அதை போட்டுண்டு மாடிப்படி மட்டும் இறங்காதீங்க. அதோட, லேப்டாப்பை புஸ்தகம் அடுக்கி ரொம்ப உயரமா வெச்சிருந்தா இறக்கிடுங்க. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கு கொஞ்சம் கீழயே இருக்கணும். பார்வை கீழ போனா இமை கொஞ்சம் இறங்கி கண்ணை மூடிக்கும், கண்ணும் அவ்வளவு சீக்கிரம் காயாது.

உறுத்தலுக்கு காரணம் இமைக்காம இருக்கறது. சும்மா பேசிண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு 15 தடவைக்கு மேல இமைக்கறோம், ஸ்கிரீனை உத்து பாக்கும்போது அது பாதிக்கும் கீழ போயிடும், இமைக்கறதும் அரைகுறையா இமைக்கறோம். இதுல தலைக்கு நேரா ஃபேன் வேற ஓடினா கேக்கவே வேண்டாம். இருட்டு ரூம்ல எரியற ஒரே விளக்கு அந்த ஸ்கிரீன்தான்னா கண்ணுக்கு இன்னும் சிரமம், அதனால லேப்டாப்புக்கு பின்னாடி இருக்கற சுவத்துல வெளிச்சம் விழற மாதிரி ஒரு சின்ன டேபிள் லேம்ப் வைங்க, ஸ்கிரீன் பிரைட்னஸை அதுக்கு தகுந்தாப்ல குறைச்சுக்கோங்க, பக்கத்து ரூம்ல தூங்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். பாட்டு கிளாஸுக்கு வீடியோ எதுக்கு? யோசிச்சு பாருங்க. ரெண்டு பேர் சேர்ந்து பாடி தாளம் நிக்கணும்னா நடுவுல வர்ற தாமதம் ஒரு செகண்டுல நூத்துல மூணு பங்கு தாண்டக் கூடாது, தாண்டினா இழுக்க ஆரம்பிக்கும். மாட்டுங்காவுக்கும் நியூஜெர்ஸிக்கும் நடுவுல அதைப் போல சில மடங்கு தாமதம் சாதாரணமாவே வரும், எந்த பிராட்பேண்ட் போட்டாலும் சரி. அதனால சேர்ந்து பாடறது எப்படியும் நடக்காது, நீங்க ஒரு சங்கதி பாடணும், குழந்தை கேட்டுட்டு திருப்பி பாடணும், அவ்வளவுதானே நடக்குது? இதுல கண்ணுக்கு என்ன வேலை? நீங்க கத்துக்கிட்ட காலத்துல உங்க டீச்சர் உங்க மூஞ்சியையே ஒரு மணி நேரம் ரெண்டு அடி தூரத்துலேர்ந்து பாத்துண்டிருந்தாங்களா என்ன, கண்ணை மூடிண்டு, இல்லேன்னா காய் நறுக்கிண்டே, காதை மட்டும்தானே குடுத்தாங்க.

நான் இதை சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல. 2021ல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஜெரமி பெய்லன்சன் வீடியோ கால் ஏன் இவ்வளவு அசதி தருதுன்னு ஒரு கட்டுரை எழுதினார், அதுல நாலு காரணம் வருது: முகங்கள் ரொம்ப கிட்டக்க பெருசா நம்மளையே பாக்கறது, நம்ம முகத்தையே நாம பாத்துண்டே இருக்கறது, கேமரா கட்டத்துக்குள்ள அசையாம உக்காந்திருக்கறது, தலையாட்டலையும் முக பாவனையும் வேணும்னே கூட்டி காட்டறதுக்கும் அடுத்தவங்களோடதை தேடி பிடிக்கறதுக்கும் மூளை படற கூடுதல் பாடு. பாருங்க, நாலுல ஒண்ணுக்கும் கண் டாக்டர்கிட்ட மருந்து கிடையாது. நாலும் கேமராவை அணைச்சா போயிடும்.

அதனால இப்படி பண்ணி பாருங்க. முதல் அஞ்சு நிமிஷம் வீடியோ, குழந்தை எப்படி உக்காந்திருக்கா, தொடைல தாளம் சரியா போடறாளான்னு பாக்க. அப்புறம் ரெண்டு பேரும் கேமராவை அணைச்சுட்டு வெறும் காதால கிளாஸ். நீங்க எழுந்து நடக்கலாம், கண்ணை மூடிக்கலாம், ஜன்னல்கிட்ட போகலாம். ஜூம்ல ஆடியோ செட்டிங்ல ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’னு ஒண்ணு இருக்கு, அதை ரெண்டு பக்கமும் ஆன் பண்ணுங்க, இல்லேன்னா தம்புராவை ஏதோ ஃபேன் சத்தம்னு நினைச்சு ஜூம் அமுக்கிடும், குழந்தை நீட்டி பிடிக்கற ஸட்ஜமும் விட்டு விட்டு கேக்கும், நீங்க என்னடான்னு ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு குனிஞ்சு கேப்பீங்க. அந்த குனியறதும் ஒரு அசதிதான்.

புது கீர்த்தனையை கிளாஸ்லயே வரி வரியா ஏத்தறதுக்கு பதிலா முன்னாடி நாளே போன்ல பாடி ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்ல அனுப்பிடுங்க, குழந்தை கேட்டு பாடி திருப்பி அனுப்பட்டும், கிளாஸ்ல தப்பு திருத்தறது மட்டும். ஒரு மணி நேர கிளாஸ் 40 நிமிஷத்துல முடியும். அப்பா அம்மா ‘வீடியோ இல்லாம கிளாஸா, அதே ஃபீஸா’ன்னு கேப்பாங்க, கேக்காம இருக்க மாட்டாங்க. ஒரு மாசம் பாருங்கோ, ஸ்ருதி சேர்றதா இல்லையான்னு அப்புறம் பேசலாம்னு சொல்லுங்க. ஃபீஸை மட்டும் குறைக்காதீங்க.

அந்த 4:30 மணியையும் ஒரு தடவை பேசி பாருங்க. நவம்பர் முதல் ஞாயிறுல அங்க கடிகாரத்தை மாத்தினா அது 5:30 ஆகும், மார்ச் ரெண்டாவது ஞாயிறுல திரும்ப 4:30. வருஷத்துல கிட்டத்தட்ட எட்டு மாசம் நீங்க 4 மணிக்கு முன்னாடி எழுந்திருக்கீங்கன்னா கண்ணு எரியறதுல தூக்கத்துக்கும் பங்கு உண்டு. அவங்களுக்கு சனிக்கிழமை காலைல 9 மணின்னா அந்த எட்டு மாசமும் உங்களுக்கு அதே நாள் சாயந்திரம் 6:30தான், குளிர் காலத்துல 7:30. ரெண்டு குழந்தைகளை அங்க தள்ளினாலும் லாபம்.

கேள்வி: அக்கா, நான் முலுண்ட்ல பத்தாவது மேத்ஸ் ஆன்லைன் டியூஷன் எடுக்கறேன். பேட்ச்ல ஒரு பசங்களும் கேமரா ஆன் பண்றதில்ல, கருப்பு கட்டம் கட்டமா நிக்குது, நான் பாட்டுக்கு சுவத்துகிட்ட பேசற மாதிரி ஒன்றரை மணி நேரம் கத்தறேன். தொண்டை கட்டுது, தலை வலிக்குது. முடிச்சுட்டு ராத்திரி அவங்க அனுப்பற நோட்டு போட்டோவெல்லாம் திருத்தணும். கேமரா ஆன் பண்ணாத்தான் கிளாஸ்னு ரூல் போடலாமா?
(வாசகர், முலுண்ட்)

பதில்: போடாதீங்க தம்பி. உங்களுக்கு வலிக்கற அதே கேமரா அந்த பசங்களுக்கும் வலிக்கும், அவங்க பகல் பூரா ஸ்கூல், அப்புறம் வேற கோச்சிங், அதுக்கப்புறம் நீங்க. சில பேர் வீட்ல பின்னாடி தம்பி தங்கச்சி, காயற துணி, சமையல், எல்லாம் ஒரே ரூம். அதை காட்ட வேண்டாம்னு இருக்கும், அது அவங்க உரிமை.

ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு உறுத்துது. 2020 ஜூலைல மத்திய அரசு பிரக்யாதான்னு ஆன்லைன் கிளாஸுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல 9வதுலேர்ந்து 12வது வரைக்கும் ஒரு கிளாஸ் 30லேர்ந்து 45 நிமிஷம்தான், 1வதுலேர்ந்து 8வதுக்கு அந்த மாதிரி ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு. அது பசங்களை நினைச்சு போட்டது, ஆனா டீச்சருக்கும் அதே கணக்குன்னுதான் நான் வெச்சுக்கறேன். உங்க ஒன்றரை மணியை ரெண்டா உடைங்க. முதல் 20 நிமிஷம் நீங்க பேசுங்க, அப்புறம் ரெண்டு கணக்கு குடுத்து நோட்டுல போட சொல்லுங்க, எல்லாரும் ஸ்கிரீனை விட்டு நோட்டை பாக்கட்டும், நீங்க எழுந்து பால்கனிக்கு போய் நில்லுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்துல இருபது செகண்ட் பாக்கணும்னு கண் டாக்டர்கள் சொல்ற ரூல் கேள்விப்பட்டிருப்பீங்க, மும்பை ஃப்ளாட்ல இருபது அடிக்கு எங்க போறது, வீடே அவ்வளவுதான். எதிர் பில்டிங் தண்ணி டேங்கை பாருங்க, போதும்.

தொண்டைக்கு: வீடியோ கால்ல நாம எல்லாருமே நேர்ல பேசறதை விட சத்தமா பேசறோம், எதிர்ல இருக்கறவன் தூரத்துல இருக்கான்னு நம்மளா நினைச்சுக்கறோம். காதுல ஒரு சாதாரண மைக் வெச்ச வயர் ஹெட்செட் போடுங்க, லேப்டாப் மைக்கை நம்பாதீங்க, உங்க குரல் உங்களுக்கே கேக்கற மாதிரி ஒரு காதை திறந்து வைங்க, தானா சத்தம் குறையும். பசங்க மூஞ்சி தெரியாட்டி என்ன, குரல் வரட்டும். மூணு மூணு பேரா மைக்கை ஆன் பண்ணி வெக்க சொல்லுங்க, ‘அடுத்த ஸ்டெப் என்ன’ன்னு கேட்டா யாராவது ஒருத்தன் ஏதாவது உளறுவான், உளறட்டும், அந்த ஒரு சத்தம் போதும் நமக்கு உயிர் வர்றதுக்கு. உங்க சொந்த வீடியோ உங்களுக்கு தெரியாத மாதிரி ‘ஹைட் செல்ஃப் வியூ’ போட்டுக்கோங்க. ஒன்றரை மணி நேரம் கண்ணாடி முன்னாடி நின்னு யாரும் கணக்கு சொல்லிக் குடுக்கறதில்ல.

நிஜமான எதிரி அந்த ராத்திரி போட்டோ. கிளாஸை மட்டும்தான் எல்லாரும் ஸ்கிரீன் நேரம்னு கணக்கு பண்றாங்க, சாஞ்ச கையெழுத்து, நிழல் விழுந்த பக்கம், பாதி கட் ஆன விடை, அதை போன்ல விரலால பெருசாக்கி பெருசாக்கி பாக்கறதுதான் கண்ணை கொல்லுது. ஒரு பையன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்குதான் அனுப்பணும், எது அவனுக்கு வரலையோ அது மட்டும். மத்ததுக்கு விடையை வாயால படிச்சு சொல்லுங்க, அவனவன் நோட்டை அவனவனே டிக் போடட்டும். ஏமாத்துவாங்களேன்னு கேட்டா, ஆமா ஏமாத்துவாங்க, டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

கேள்வி: அக்கா, நான் தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இருக்கேன், காலேஜ் கடைசி வருஷம். எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு சாயங்காலம் போன்லயே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குதேன், கையில லேப்டாப் கிடையாது. போன கையில புடிச்சிகிட்டே பாத்து பாத்து கண்ணுல தண்ணியா வடியுது, தூரத்துல பஸ் நம்பர் மங்கலா தெரியுது. கண்ணாடி போடணுமோன்னு பயமா இருக்கு.
(வாசகி, தாராவி)

பதில்: தங்கச்சி, முதல்ல பயப்படாத, கண்ணாடி போட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ரொம்ப நேரம் கிட்டக்க பாத்துட்டு டக்குனு தூரம் பாத்தா கொஞ்ச நேரம் மங்கலா இருக்கறது உண்டு, கண்ணுக்குள்ள இருக்கற தசை இறுக்கி பிடிச்சுக்கும், விட கொஞ்சம் நேரமாகும். ஆனா காலைல எழுந்ததும் மங்கலாவே இருந்தா அது பவரா இருக்கலாம். சயான் ஆஸ்பத்திரி உனக்கு நடக்கற தூரம், ஒரு நாள் காலைல சீக்கிரமா போய் கேஸ் பேப்பர் எடுத்து கண் ஓபிடில காட்டிடு. கடையில போய் சும்மா நம்பர் போட்டு வாங்காத.

போன் கையில இருந்தா ஒரு அடிக்குள்ளதான் இருக்கும், அதான் இவ்வளவு வடியுது. வீட்ல டிவி இருக்கா? ஸ்மார்ட் டிவின்னா போன் செட்டிங்ல ஸ்கிரீன் காஸ்ட்னு இருக்கும், போன் ஸ்கிரீன் அப்படியே டிவில வந்துடும், ஆறடி தள்ளி உக்காந்து கிளாஸ் எடுக்கலாம். சீரியல் நேரத்துல டிவியை கேட்டா வீட்ல அடி விழும்னா அதுவும் புரியுது, அப்ப போனை ரெண்டு டப்பா மேல சாய்ச்சு வெச்சுட்டு கையை விட்டு தள்ளி உக்காரு, எழுத்தை பெரிசாக்கு.

அதை விட நல்ல வழி, பேசற இங்கிலீஷ்தானே சொல்லித் தர்ற, அதுக்கு ஸ்கிரீனே வேண்டாம். பக்கத்துலயே இருக்கற பிள்ளைங்க, வாரத்துல ரெண்டு நாள் நேர்ல கூப்பிடு, மீதி நாள் வாய்ஸ் கால். ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி வாங்க வந்தவ, வெறும் குரல்ல பேசட்டும். நிஜத்துல போன் வந்தா மூஞ்சி பாக்காமத்தானே பேசணும், அந்த பயிற்சியும் ஆச்சு, டேட்டாவும் மிச்சம்.

கேள்வி: என் மனைவி வீட்லேர்ந்து வெளிநாட்டு குழந்தைகளுக்கு தமிழ் கிளாஸ் எடுக்கறாங்க. தலைவலின்னு சொன்னதால ஸ்கிரீனோட நீல வெளிச்சத்தை தடுக்கற ப்ளூ லைட் கண்ணாடி நல்ல விலை குடுத்து வாங்கி தந்தேன். இன்னும் தலைவலிதான். அதை விட நல்ல பிராண்ட் எது?
(வாசகர், டோம்பிவிலி)

பதில்: எந்த பிராண்டும் வேண்டாம் சார். 2023ல காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்பு இந்த கண்ணாடி மேல நடந்த 17 ஆய்வுகளை ஒண்ணா வெச்சு அலசினாங்க, சாதாரண கண்ணாடியை விட இது கண் அசதியை பெருசா குறைக்கறதா தெரியலன்னுதான் வந்துது. ஸ்கிரீன்லேர்ந்து வர்ற நீல வெளிச்சம் வெயில்ல வர்றதோட பக்கத்துல கூட நிக்காது. வாங்கினதை என்ன பண்றதுன்னு கேக்காதீங்க, போட்டா கெடுதல் ஒண்ணும் இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கிளாஸ் முடிஞ்சு லேப்டாப்பை மூடினதும் உங்க வீட்டம்மா எங்க போறாங்க? நேரா கிச்சனுக்கா? அதே ஸ்டான்ஃபோர்ட்காரங்க பத்தாயிரம் பேருக்கு மேல கேட்டு பாத்ததுல பெண்கள்ல ஏழுல ஒருத்தர், ஆண்கள்ல இருபதுல ஒருத்தர் வீடியோ காலுக்கு அப்புறம் ரொம்ப அசந்து போறதா சொல்லியிருக்காங்க. மூஞ்சி நல்லா இருக்கா, முடி சரியா இருக்கான்னு சின்ன கட்டத்துல தன்னையே பாக்கற கஷ்டம் பெண்களுக்கு ஜாஸ்தின்னும், ரெண்டு மீட்டிங் நடுவுல அவங்களுக்கு இடைவெளி கம்மின்னும் அதுல இருக்கு. கிளாஸ் முடிஞ்சு அரை மணி நேரம் அவங்களை யாரும் கூப்பிடக் கூடாது, போனும் கையில வேண்டாம், குக்கர் வெக்கறது உங்க பொறுப்பு. மூணு விசில், அப்புறம் சிம்மில வைங்க.

கேள்வி: கண் எரிச்சலுக்கு என் மாமியார் ராத்திரி விளக்கெண்ணெய் விட சொல்றாங்க, மெடிக்கல்காரர் ஒரு சொட்டு மருந்து குடுத்தார், போட்ட உடனே சுகமா இருக்கு. எது நல்லது?
(வாசகி, செம்பூர்)

பதில்: ரெண்டும் வேண்டாம். விளக்கெண்ணெய் தலைக்கு, பன்னீர் கல்யாணத்துக்கு, கண்ணுக்குள்ள ரெண்டும் போகக் கூடாது. அந்த சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து பேரை படிங்க, டெக்ஸாமெதசோன், ப்ரெட்னிசோலோன், பீட்டாமெதசோன்னு ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. போட்ட உடனே சிவப்பு போகும், அதான் சுகம். டாக்டர் சொல்லாம மாசக்கணக்குல போட்டா கண்ணுல பிரஷர் ஏறும், புரையும் வரும், பிரஷர் ஏறினது வலிக்காது, பார்வை போனப்புறம்தான் தெரியும். காய்ஞ்ச கண்ணுக்கு ஈரம் குடுக்கற வெறும் லூப்ரிகன்ட் சொட்டு போதும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா ப்ரிசர்வேட்டிவ் இல்லாததா கேட்டு வாங்குங்க. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துணியை மூடின இமை மேல அஞ்சு நிமிஷம் வெச்சுக்கோங்க, இமை ஓரத்துல இருக்கற எண்ணெய் சுரப்பி திறந்துக்கும். மாமியாருக்கு எண்ணெய்தானே வேணும், கண்ணுக்கு தேவையான எண்ணெய் அங்கேர்ந்தே வந்துடுதுன்னு சொல்லிடுங்க.

ஒரு கண்ணுல மட்டும் வலி, லைட்டை சுத்தி வளையம், திடீர்னு மின்னல் மாதிரி வெட்டறது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைக்கறது, இதுல எது வந்தாலும் அது ஸ்கிரீன் அசதி இல்ல. அன்னிக்கு கிளாஸை கேன்சல் பண்ணிட்டு அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போங்க.